வேடந்தாங்கல் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நான் முதன்முதலாக வேடந்தாங்கல் போனது ஒரு மே மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. கிண்டிப் பூங்காவும் வண்டலூரும் அலுத்துப்போயிருந்தன. புளியோதரை கட்டிக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து, குடும்பத்தோடு போய் இறங்கினால் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மரங்கள் நின்றன. மரங்களில் போன வருடத்துக் கூடுகள் தொங்கின. கீழே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"பறவை எங்கப்பா?" என்றாள் சின்னவள்.

கரையில் மாடு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் பதில் சொன்னார். "தண்ணி இருந்தாத்தானே பட்சி வரும் கண்ணு? கார்த்திக போனப்புறம் அப்பாவ இட்டாரச் சொல்லு."

கார்த்திகை போனபிறகு போனோம். அதற்குப் பிறகு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. இன்றும் மே மாதத்தில் தொலைநோக்கியோடு வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. எந்த மாதம் போவது, கரையில் எங்கே நிற்பது, எந்தப் பறவையை எங்கே தேடுவது என்று எதைக் கேட்டாலும், தண்ணீர் எங்கே, எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

போகும் இடம் எப்படிப்பட்டது

தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்று சென்னைக்காரர்கள் நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களுக்குள்ளும் இந்த ஏரி ஒளிந்திருக்கிறது. வேடன் தாங்கல்தான் வேடந்தாங்கல் ஆனது என்பார்கள். வேட்டைக்காரன் பெயரில் இருக்கும் ஊர், பறவைகளைக் காத்ததற்காகப் பெயர் வாங்கியது.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கர் அளவுக்குத்தான் இருக்கும். தண்ணீர் திறந்துவிடும் மதகு, மிகைநீர் வழியும் கலங்கல், நீர் வந்து சேரும் வரத்துக்கால், ஏரித் தண்ணீரில் விளையும் வயல்களான ஆயக்கட்டு எல்லாம் உள்ள பாசன ஏரி இது. மழைநீரும் மேலே உள்ள ஏரிகளின் மிகைநீரும் வந்து சேரும். ஏரிக்குள் நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. நீர்க்கடம்பு மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். அந்த மரங்களில்தான் கூடுகள். கூடுகளிலிருந்து விழும் எச்சம் தண்ணீரில் கலந்து, மதகு வழியே வயலுக்குப் போய் நெல்லுக்கு உரமாகிறது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்ததில் பாசமும் உண்டு, விவசாயக் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு இருந்ததால்தான் பாசம் இத்தனை காலம் நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று அவர் எழுதிக்கொடுத்தார். 1858இல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் நின்றதைப் பார்த்தார் என்று ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, அந்தக் கலெக்டரும் இதே பிளேஸ்தான். ஒரே அதிகாரி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இரண்டு ஏரிக் கதைகளில் இருக்கிறார். ஏரி நன்றாக இருந்தால்தான் வரி வரும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை விரிந்தது. 2020இல் அதைச் சுருக்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பு கிளம்பி, கைவிடப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஏரி இவ்வளவு சிறிதாக இருக்க, எல்லை மட்டும் ஏன் 5 கிலோமீட்டர்? இங்கே பறவைகள் தங்குகின்றன, குஞ்சு பொரிக்கின்றன. சாப்பாட்டுக்குச் சுற்றியுள்ள வயல்களுக்கும் குளங்களுக்கும்தான் போகின்றன. படுக்கையறையை மட்டும் பூட்டி வைத்துவிட்டு அடுப்படியை விற்றுவிட்டால் குடித்தனம் நடக்குமா?

படி 1: மழையைக் கணக்குப் பாருங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். சரிதான், ஆனால் அது நல்ல மழை பெய்த வருடத்தின் கணக்கு. இங்கே கூடு கட்டும் பறவைகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி வருபவை. மழை பெய்து, வயலும் குளமும் நிறைந்து, மீனும் நத்தையும் தவளையும் பெருகும் நேரத்தில் குஞ்சு வாய் திறக்க வேண்டும். அதற்கேற்ப அவை கட்டத் தொடங்கும். 2016 மாதிரி பருவமழை பொய்த்த வருடத்தில் நாள்காட்டி என்ன சொன்னாலும் மரங்கள் வெறிச்சோடித்தான் கிடக்கும்.

மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதற்கு இன்னொரு பயன் உண்டு. நாய், நரி, பூனை, கல்லெறியும் பையன் எல்லோருக்கும் அதுதான் அகழி. குஞ்சு பறப்பதற்கு முன் தண்ணீர் வற்றினால் கூடுகளை விட்டுவிட்டே பறவைகள் போய்விடலாம்.

ஆகவே அக்டோபர் கடைசியிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் எத்தனை ஏரிகள் நிரம்பின என்ற செய்தியைப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தைத் தினமும் பார்க்கும் பழக்கம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு நமக்கு வந்துவிட்டது. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நல்ல மழை வருடத்தில் ஏறக்குறைய இப்படி நடக்கும். ஐப்பசியில் நத்தைகுத்தி நாரைகள் முதலில் வந்து மரம் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அரிவாள் மூக்கன்களும் சேர, சுள்ளிக்குச் சண்டை நடக்கும். தையும் மாசியும் உச்சம். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் எல்லாம் கூட்டில் இருக்கும், வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் இருக்கும். பங்குனியில் குஞ்சுகள் பறக்கப் பழகும், வாத்துகள் கிளம்பிவிடும். சித்திரையில் போனால் என் கதைதான்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் பொங்கல் முடிந்து வரும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் போங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். அன்றைக்குப் பறவைகளைவிட மனிதர்கள் அதிகம்.

படி 2: சென்னைக்குள்ளேயே ஒத்திகை

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். நேராக வேடந்தாங்கலில் போய் நின்றால் தூரத்து மரங்களில் வெள்ளையாக ஆயிரக்கணக்கில் ஏதோ தெரியும். "எல்லாம் கொக்குதான்" என்று அரைமணியில் திரும்பிவிடுவார்கள். பத்துப் பறவைகளையாவது முன்கூட்டியே அடையாளம் தெரிந்துகொண்டு போங்கள். அதற்குச் செங்கல்பட்டு தாண்ட வேண்டியதில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு காலத்தில் தென்சென்னையில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் விரிந்து கிடந்த கழுவெளி அது. குப்பைக் கிடங்கு, சாலை, ரயில், ஐ.டி. கட்டடங்கள் எல்லாம் தின்றதுபோக மிஞ்சியது பத்தில் சில பங்கு. மிஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் இதுவும் ராம்சார் தலமானது. 2021இல் திறந்த சுற்றுச்சூழல் பூங்காவின் நடைபாதையில் காலை ஏழு மணிக்கு நின்றால் நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், நீளவால் இலைக்கோழி எல்லாம் அருகிலேயே தெரியும். சில வருடங்களில் பூநாரைகளும் வரும். பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. லாரிகள் பறக்கும் சாலை அது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டிய பெரும்பாக்கமும் நல்ல இடம். இரண்டு சனிக்கிழமைக் காலைகள் போதும். அங்கே ஒரு பயிற்சி செய்யுங்கள். பறவையின் பெயரைத் தேடும் முன், அது நிற்கும் தண்ணீர் அதன் காலில் எதுவரை வருகிறது என்று மட்டும் பாருங்கள். இது எதற்கு என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 3: பையில் என்ன

8×42 தொலைநோக்கி ஒன்று. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். இருபது மடங்கு என்று விளம்பரம் செய்பவற்றை வாங்காதீர்கள். கை நடுக்கமும் இருபது மடங்காகும், ஒன்றும் தெரியாது. வாங்க வேண்டாம் என்றால் நண்பரிடம் கடன் கேளுங்கள்.

தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் சட்டை, பேனா, சிறு குறிப்பேடு. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம். பெரிய லென்ஸ் கேமரா இருந்தால் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கைப்பேசியில் படம் எடுக்க முயன்று நேரத்தைத் தொலைக்காதீர்கள், மரம்தான் விழும். வறுகடலை, முறுக்கு எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். நெகிழிப் பொட்டலம் காற்றில் பறந்தால் நேராக ஏரிக்குத்தான் போகும்.

படி 4: வழி

சென்னையிலிருந்து 75 முதல் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம், மாமண்டூர், படாளம். படாளத்தில் வலப்பக்கம் திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிராமச் சாலை.

பேருந்து ரயில் என்றால் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். மதுராந்தகத்திலிருந்தும் பேருந்து உண்டு. எண்ணிக்கை குறைவு, ஆகவே இறங்கியதும் திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேட்டுவிடுங்கள். விடியலில் போய்ச் சேர வேண்டும் என்றால் சொந்த வண்டிதான் வழி. தாம்பரத்தை நாலரைக்குத் தாண்டினால் வெளிச்சம் வரும்போது கரையில் இருக்கலாம்.

படாளம் திருப்பத்துக்குப் பிறகு வேகத்தைக் குறையுங்கள். சரணாலயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாற்று நட்ட வயலில் நத்தை பொறுக்கும் நத்தைகுத்தி நாரைகளை ஏரியில் பார்ப்பதைவிட இந்தச் சாலையோரம் பக்கத்தில் பார்க்கலாம். நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் இந்தப் பத்துக் கிலோமீட்டரில் எடுத்தவை.

படி 5: கரைமேல் நின்று வாசிப்பது

நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கரைமேல் ஏறினால் நடைபாதை நீளும். வழியில் கண்காணிப்புக் கோபுரம் வரும். எல்லோரும் கோபுரத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் ஓர் இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகட்டும்.

பிறகு ஏரியை ஓரத்திலிருந்து நடு வரை ஆழம் ஆழமாக வாசியுங்கள்.

ஈரச் சேறும் விரல்கடை ஆழமும் உள்ள ஓரத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓடும். வாலை ஆட்டிக்கொண்டு போவது வாலாட்டி. கால் நனையாத மேட்டில் நின்று நம்மைப் பார்த்துக் கத்தி ஊரைக் கூட்டுவது ஆட்காட்டி. அசையாமல் மண்கட்டி போல உட்கார்ந்திருந்து, பக்கத்தில் போனதும் திடீரென்று வெள்ளைச் சிறகு விரித்துப் பறந்தால் அது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வோம். உண்மையில் அதற்குக் கண் குருடில்லை, நம் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை.

கணுக்கால் ஆழத்தில் சின்னக் கொக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் விரலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். இங்கேயே நெடுங்கால் உள்ளானும் நிற்கும். இளஞ்சிவப்புக் குச்சிக் காலில் நடக்கும்போது, வாடகைக்கு வாங்கிய கால் போலப் பொருத்தமில்லாமல் இருக்கும்.

முழங்கால் ஆழம் நாரைகளின் இடம். சாம்பல் நாரை சிலையாக நின்று கண்ணால் பார்த்துக் குத்தும். சங்குவளை நாரை கண்ணை நம்பாது. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். கலங்கிய தண்ணீரிலும் மீன் பிடிக்க முடிவது இதனால்தான். கரண்டிவாயனும் துழாவும் சாதிதான். தலையை அரைவட்டமாக வீசி வீசித் துழாவும், நெல்லைத் துழாவிக் காயவைப்பது போல. வெள்ளை அரிவாள் மூக்கன் வளைந்த அலகால் சேற்றைக் குத்தித் தேடும். கறுத்த மொட்டைக் கழுத்தைப் பார்த்தால் கொக்கோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

அதற்கு மேலும் ஆழம் போனால் நிற்க முடியாது, நீந்த வேண்டும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா. கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பாம்பு போல நீந்துவது பாம்புத்தாரா. அதன் அலகு ஈட்டி போல நேராக இருக்கும், நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். இரண்டும் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு பட்டமரத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றின் இறகு வாத்தின் இறகைப் போலத் தண்ணீரை முழுக்கத் தள்ளாது. நனைந்து கனத்தால் மூழ்குவது எளிது, ஆனால் மூழ்கி வந்தபின் துணி காயப்போடுவது போல உட்கார வேண்டியிருக்கிறது.

இப்படி ஒருமுறை வாசித்துவிட்டால் ஒரு விஷயம் புரியும். ஏரி விளிம்பு வரை நிறைந்து தளும்பும் நாளில் விரல்கடை ஆழமும் கணுக்கால் ஆழமும் அதில் இருக்காது. ஆழம் இல்லையென்றால் அந்தப் பறவையும் இல்லை. "ஏரி நிறைய தண்ணி இருக்கு, உள்ளான் ஒண்ணுகூட இல்லையே" என்று குழம்ப வேண்டாம். அவை பக்கத்து வயல்களில் இருக்கும்.

*மரங்களைப் பார்ப்பது*

இனி மரங்களுக்கு வாருங்கள். வேடந்தாங்கலின் சிறப்பு மரத்தில்தான். ஒரு மரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் பாருங்கள். நூறு மரங்களை மேய்ந்தால் ஒன்றும் நிற்காது.

பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்கள் உச்சியில் இருப்பார்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் மேல்மாடி. நீர்க்காகமும் கொக்கும் நடுவில். இலைக்குள் ஒளிந்து பகலெல்லாம் தூங்குவது வக்கா எனும் இராக்கொக்கு. சிவந்த கண்ணைத் தேடுங்கள். எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் அது வேலைக்குக் கிளம்பும்.

நத்தைகுத்தி நாரையின் அலகை நன்றாகக் கவனியுங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். வழுக்கும் ஆப்பிள் நத்தையைப் பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது. அலகின் நுனியால் நத்தையின் மூடியை நீக்கி, ஓட்டை உடைக்காமல் சதையை உருவி எடுக்கும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். ஆகவே அலகு சேர்ந்திருக்கும் நாரையைப் பார்த்து "இது வேற இனம்" என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன். இன்னொரு குழப்பமும் வரும். இனப்பெருக்கக் காலத்தில் இது வெள்ளை வெளேரென்று இருக்கும், மற்ற மாதங்களில் புகைபிடித்த சாம்பல் நிறம்.

கூழைக்கடாக் கூட்டில் குஞ்சு சாப்பிடுவதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு, பாதி உடம்பே உள்ளே போய்விட்டதோ என்று பதறும் அளவுக்கு நுழைந்து சாப்பிடும். சங்குவளை நாரை உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும், வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றவும் செய்யும். அதன் முதுகுப்பக்கம் இருக்கும் ரோஜா நிற இறகுகள்தான் அடையாளம். பழுப்பு நிறத்தில் அழுக்காகத் தெரிந்தால் அது இளம் பறவை.

பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். பலகையோடு பலகை தட்டுவது போன்ற சத்தம் வரும். பெரிய நாரைகளுக்குப் பாட்டு கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும். அதற்கு மேல் ஓயாமல் கேட்கும் கெஞ்சல் குரல்கள் எல்லாம் பசித்த குஞ்சுகள். நாற்றமும் அடிக்கும். எச்சம், மீன், சேறு எல்லாம் கலந்த வாடை. மூக்கைப் பொத்தாதீர்கள், ஆயக்கட்டு விவசாயிக்கு அதுதான் உர வாசனை.

படி 6: யார் உள்ளூர், யார் விருந்தாளி

கரையில் நின்றால் ஒவ்வொரு அப்பாவும் பிள்ளையிடம் சொல்வது காதில் விழும்: "இதெல்லாம் சைபீரியாவுல இருந்து வருதுடா." கூழைக்கடாவைக் காட்டி ஆஸ்திரேலியா என்பவரும் உண்டு. கேட்கும்போது எனக்குக் கை பரபரக்கும்.

எளிய விதி ஒன்று இருக்கிறது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவை நம் நாட்டுப் பறவை. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு வகைகள் எல்லாம் தண்ணீரையும் இரையையும் தேடி நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை. பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது போல வருகின்றன.

வெளிநாட்டு விருந்தாளிகள் இங்கே கூடு கட்ட மாட்டார்கள். சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், பங்குனியில் கிளம்பி வடக்கே போய்க் குஞ்சு பொரிப்பார்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், மரங்களுக்கு மேல் தாழப் பறந்து எல்லோரையும் கலைக்கும் சேற்றுப் பூனைப்பருந்து, கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், பல வகை உள்ளான்கள் இந்தக் கணக்கு. ஐரோப்பா, மத்திய ஆசியா, சைபீரியா என்று பல திசைகளிலிருந்து வருபவை. கைக்கடக்கமான ஓர் உள்ளான்தான் கண்டம் தாண்டி வந்திருக்கும், பக்கத்தில் நிற்கும் பிரம்மாண்டமான கூழைக்கடா நம் நாட்டுக்காரராக இருக்கும்.

படி 7: பத்து மணிக்குக் கரிக்கிலி

வெயில் ஏறியதும் வேடந்தாங்கலில் நடமாட்டம் குறையும். அப்போது பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கும் கரிக்கிலிக்குப் போங்கள். 1989இல் சரணாலயமானது, 61 ஹெக்டேர் அளவு, இதுவும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூட்டம் கிடையாது. கடையும் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

இங்கே மரம் குறைவு, திறந்த நீர்ப்பரப்பு அதிகம். ஆகவே வாத்துகளின் இடம். நீலச்சிறகிகள் பகலில் கூட்டமாக மிதந்து தூங்கும். பல வாத்துகள் இரவில்தான் மேயும். தூங்கும் வாத்தைப் பார்த்துச் சலிக்காதீர்கள், ஒன்று தலையை நிமிர்த்தும்போது ஆணின் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியும். குளிர்காலத் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் பழுப்பாக இருக்கும். மாசியில் போனால் ஆண்கள் கல்யாண மாப்பிள்ளை அலங்காரத்தில் இருப்பார்கள்.

இங்கே எண்ணிப் பழகலாம். கூட்டத்தில் பத்து வாத்துகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவு இடம் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். முதல் நாள் தப்பாகத்தான் வரும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் சீக்கிரம் கை வரும். எண்ணியதைப் பறவைக் குறிப்புகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் பதிவு செய்யலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் வீட்டு மொட்டை மாடியில் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

படி 8: மாலை நாலரை

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடி வேடந்தாங்கல் கரைக்கு வாருங்கள். அதே நுழைவுச்சீட்டு செல்லுமா என்று காலையிலேயே வாசலில் கேட்டுவைப்பது நல்லது.

செய்யக் கூடாதவற்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பது, ட்ரோன் விடுவது, கைதட்டிப் பறக்கவைத்துப் படம் எடுப்பது. கூட்டிலிருந்து தாய் எழுந்தால் முட்டை வெயிலில் வேகும், காகம் காத்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் தீபாவளிக்கே சும்மா இருக்கும்போது நாம் புளூடூத் ஸ்பீக்கரோடு போய் நிற்பது அழகில்லை.

நாலரைக்குமேல் நான்கு திசையிலிருந்தும் திரும்பி வருவார்கள். முதலில் கொக்குகள் தாழ வரும். நீர்க்காகங்கள் கோடு இழுத்தது போல வரும். அரிவாள் மூக்கன்கள் அம்பு வடிவில். நாரைகள் உயரத்திலிருந்து வட்டமிட்டு, சிறகை மடக்காமல் காலைத் தொங்கவிட்டு இறங்கும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கூடுகளுக்கு நடுவில் தன் கூட்டில் போய்ச் சரியாக உட்காரும். காலையில் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒற்றை மரத்துக்கு எதிரே நின்று, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று எண்ணுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வக்காக்கள் கரகரத்த குரலில் கத்திக்கொண்டு வெளியே கிளம்பும். வாயிற்காவலர் விசில் ஊதுவார்.

ஞாயிறு மாலை என்றால் பரனூரிலும் பெருங்களத்தூரிலும் மாட்டிக்கொள்வீர்கள், ஒரு மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போன தை மாதம் அப்படி நின்றபோது சின்னவள் பின்னிருக்கையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அன்றைய பட்டியலை வாசித்தாள். நாற்பத்தொரு வகை. கடைசி வரியில் எழுதியிருந்தாள்: "பழுப்பு நிறக் குட்டிப் பறவை, கணுக்கால் தண்ணீர், பேர் தெரியலை: 2."